புதிதாகப் பிரிந்த மாகாணத்தைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி? காங்கோவின் சோப்போவை வைத்து ஒரு வழிகாட்டி

காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2015 வரை தலைநகர் கின்ஷாசாவையும் சேர்த்து 11 மாகாணங்கள் இருந்தன. இப்போது 26. அவற்றில் பரப்பளவில் மிகப் பெரியது சோப்போ. அதன் தலைநகர் கிசங்கானி. கலைக்களஞ்சியக் கட்டுரைக்கோ பள்ளி நிலப்படத்துக்கோ இந்த மாகாணத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். மாகாணம் புதியது; கையில் கிடைக்கும் தகவலோ பழைய மாகாணத்துக்கு உரியது. சோப்போ உட்பட நான்காக உடைந்துபோன பழைய ஓரியந்தால் மாகாணத்தின் மக்கள்தொகையும், வேறு பகுதியில் வாழும் மக்களின் பெயரும், இந்த மாகாணத்துக்குள் வராத காட்டின் படமும் கலந்து, பார்வைக்கு ஒழுங்கான ஒரு பிழையான கட்டுரை உருவாகிவிடுகிறது.

இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. மாகாணத்தின் பெயரைத் தேடித் தொடங்காமல், அதற்குக் கீழே உள்ள அலகுகளைப் பட்டியலிட்டுத் தொடங்குவது. பிரெஞ்சில் தெரித்துவார் எனப்படும் இந்த அலகை இங்கே வட்டாரம் என்று எழுதுகிறோம். 2015-இல் மாகாணக் கோடுகள் மாறின. வட்டாரங்கள் அப்படியே புதிய மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆகவே 1984-ஆம் ஆண்டு அட்டவணையானாலும் இன்றைய வாக்காளர் பட்டியலானாலும், வட்டாரம் வட்டாரமாகக் கூட்டினால் இரண்டையும் ஒப்பிடலாம். மாகாணப் பெயரை வைத்து ஒப்பிட்டால் முடியாது.

முதல் வேலை: எந்த ஆண்டு என்று முடிவு செய்வது

சோப்போ உருவான ஆண்டு என்று 2006, 2015, 2016 மூன்றையும் நீங்கள் பார்ப்பீர்கள். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 2-ஆம் பிரிவிலேயே புதிய மாகாணங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. 36 மாதங்களுக்குள் அவை செயல்பட வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. சொன்னபடி நடக்கவில்லை. 2011 ஜனவரியில் திருத்தம் கொண்டுவந்து அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். பிறகு 2015 பிப்ரவரியில் எப்படிப் பிரிப்பது என்ற சட்டமும், மார்ச்சில் எல்லைகளை வரையறுக்கும் சட்டமும் வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் புதிய மாகாணங்களுக்குச் சிறப்பு ஆணையர்களை நியமித்தார்கள். 2016 மார்ச்சில் மாகாணச் சட்டமன்றங்கள் ஆளுநர்களைத் தேர்ந்தெடுத்தன.

எழுதும்போது இப்படிச் சுருக்கலாம்: “2006 அரசியலமைப்பில் பெயரிடப்பட்டது, 2015-இல் நடைமுறைக்கு வந்தது.” தகவல் பெட்டியில் ஒரே ஆண்டுதான் இடலாம் என்றால் 2015. 2006 என்று போட்டால், 2010-ஆம் ஆண்டின் ஓரியந்தால் மாகாணப் புள்ளிவிவரங்கள் எந்த மாகாணத்துடையவை என்று வாசகர் குழம்புவார்.

“புதிய” என்ற சொல்லையும் கொஞ்சம் கவனமாகவே கையாள வேண்டும். விடுதலைக்குப் பின் 1962–66 காலத்தில் நாடு 21 சிறு மாகாணங்களாக உடைந்தபோது, ஸ்டான்லிவில்லைத் தலைநகராகக் கொண்ட மேல் காங்கோ என்ற மாகாணம் இந்தப் பக்கத்தில் இருந்தது. மொபுட்டு ஆட்சிக்கு வந்ததும் அவற்றையெல்லாம் மீண்டும் இணைத்தார். ஸ்டான்லிவில் 1966-இல் கிசங்கானி ஆனது. பெரிய மாகாணம் மேல் சயீர் என்ற பெயரில் இருந்து, 1997-இல் மறுபடி ஓரியந்தால் ஆனது. ஆக, 1970-களின் ஆவணத்தில் “மேல் சயீர்” என்று கண்டால் அது இன்றைய நான்கு மாகாணங்களின் கூட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் கண்ணிகள்

சோப்போ என்ற பெயரில் ஓர் ஆறு இருக்கிறது. அந்த ஆற்றில் ஓர் அருவியும் ஒரு நீர்மின் நிலையமும் இருக்கின்றன. கிசங்கானி நகரத்தின் ஆறு நகராட்சிப் பகுதிகளில் ஒன்றின் பெயர் சோப்போ. 2015-க்கு முன் ஓரியந்தாலுக்குள் சோப்போ என்று ஒரு மாவட்டம் இருந்தது. இவ்வளவுக்கும் பிறகுதான் மாகாணம்.

இவற்றுள் மோசமான கண்ணி பழைய மாவட்டம். அதன் ஏழு வட்டாரங்களும் அப்படியே இன்றைய மாகாணத்தின் ஏழு வட்டாரங்கள். ஆனால் கிசங்கானி நகரம் அந்த மாவட்டத்துக்குள் இல்லை. தனி நிர்வாக அலகாக நின்றது. எனவே பழைய அட்டவணையில் “சோப்போ” என்ற வரியை மட்டும் எடுத்து இன்றைய மாகாணத்துக்குப் போட்டால், பகுதியின் மிகப் பெரிய நகரமே கணக்கிலிருந்து விழுந்துவிடும். “சோப்போ மாவட்டம்”, “கிசங்கானி நகரம்” என்ற இரண்டு வரிகளையும் கூட்டினால்தான் சரி. மக்கள்தொகை திடீரென்று பல மடங்கு ஏறிவிட்டதாகச் சொல்லும் கட்டுரையைக் கண்டால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

சுவாப்பா என்று இன்னொரு புதிய மாகாணம் மேற்கே சோப்போவை ஒட்டியே இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தில் இரண்டும் ஒரே மூன்று எழுத்துகளில் தொடங்குவதால் அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கும். வரி தவறி எண்ணை எடுப்பது அடிக்கடி நடக்கிறது. பன்னாட்டுக் குறியீட்டில் சோப்போ சிடி-டிஓ, சுவாப்பா சிடி-டியு. பழைய ஓரியந்தாலின் குறியீடு சிடி-ஓஆர். அதை இப்போது பயன்படுத்தக்கூடாது.

லொமாமி ஆறு சோப்போவுக்குள் ஓடுகிறது. லொமாமி தேசியப் பூங்காவின் ஒரு பகுதியும் சோப்போவில் இருக்கிறது. லொமாமி மாகாணமோ வெகு தெற்கே, கபிண்டாவைத் தலைநகராகக் கொண்டு இருக்கிறது. பூங்காவை அந்த மாகாணத்தில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். அதேபோல எக்வத்தேர், கிழக்கு கசாய் என்ற பெயர்கள் பிரிப்புக்குப் பின்னும் தொடர்கின்றன. நிலம் மட்டும் சுருங்கிவிட்டது. பழைய கிழக்கு கசாய் சுமார் 1,70,000 சதுர கிலோமீட்டர். இன்றையது 10,000-க்கும் குறைவு. பெயர் மாறாத மாகாணங்கள்தான் அதிகம் ஏமாற்றும்.

உபுண்டு வட்டாரத்தைத் தமிழில் தேடினால் கணினி இயங்குதளம்தான் வரும். “உபுண்டு, கிசங்கானி” என்று சேர்த்துத் தேடுங்கள். குடியேற்ற காலப் பெயரான பொந்தியேவில் என்பதையும் சேர்த்தால் பழைய ரயில்வே ஆவணங்கள் கிடைக்கும்.

வட்டாரப் பட்டியலும் பரப்பளவுச் சோதனையும்

சோப்போவின் ஏழு வட்டாரங்கள்: பஃப்வாசெண்டே, பனாலியா, பசோக்கோ, இசாங்கி, ஒபாலா, உபுண்டு, யகூமா. இவற்றுக்கு வெளியே கிசங்கானி நகரம். நகரத்தின் பகுதிகள் ஆறு: மக்கிசோ, மங்கோபோ, கபோண்டோ, சோப்போ, கிசங்கானி, லுபுங்கா. நகரத்தின் பெயரிலேயே ஒரு பகுதியும் இருப்பதால், “கிசங்கானியில்” என்று எழுதும்போது எது என்பதைச் சொல்லிவிடுங்கள். ஐந்து பகுதிகள் காங்கோ ஆற்றின் வலக்கரையில். லுபுங்கா மட்டும் இடக்கரையில்.

பரப்பளவைச் சரிபார்க்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஓரியந்தால் நான்காகப் பிரிந்தது: சோப்போ 1,99,567 ச.கி.மீ., கீழ் உவெலே 1,48,331, மேல் உவெலே 89,683, இத்தூரி 65,658. கூட்டினால் 5,03,239, பழைய ஓரியந்தாலின் பரப்பு அதுவே. எந்தப் பிரிப்பைப் பற்றி எழுதினாலும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். தொகை இடிக்கிறது என்றால், ஒன்று வேறு வேறு மூலங்களின் எண்கள் கலந்திருக்கும், அல்லது ஒரு துண்டு பக்கத்து மாகாணத்துக்குப் போயிருக்கும்.

நான்கில் சோப்போவுக்கு மட்டும் பன்னாட்டு எல்லை இல்லை. சுற்றிலும் எட்டு மாகாணங்கள்: வடமேற்கே மொங்காலா, வடக்கே கீழ் உவெலே, வடகிழக்கே மேல் உவெலே, கிழக்கே இத்தூரி, தென்கிழக்கே வட கிவு, தெற்கே மனியேமா, தென்மேற்கே சங்குரு, மேற்கே சுவாப்பா. உகாண்டா எல்லையைச் சோப்போவோடு சேர்த்து எழுதுவது பழைய ஓரியந்தால் கட்டுரைகளின் எச்சம்.

வட்டாரத்துக்குக் கீழே செக்டர் அல்லது ஷெஃபரி, அதற்குக் கீழே ஊர்களின் தொகுதியான குரூப்மான், அதற்குக் கீழே ஊர். ஷெஃபரி என்பது மரபுவழித் தலைவர் ஒருவரின் ஆளுகை. செக்டர் என்பது பல சிறு குழுக்களை நிர்வாகம் சேர்த்துக் கட்டியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நகரம், நகராட்சிப் பகுதி, செக்டர், ஷெஃபரி ஆகியவை தமக்கென நிர்வாக உரிமை பெற்ற உள்ளாட்சி அமைப்புகள். வட்டாரம் அப்படியல்ல, அதன் நிர்வாகி மேலிருந்து நியமிக்கப்படுபவர். ஆகவே வட்டாரத்துக்கு “ஊராட்சி ஒன்றியம்” போன்ற சொல்லைப் போடாதீர்கள். தேர்தல் மூலம் வந்த அமைப்பு என்ற எண்ணத்தை அது கொடுத்துவிடும்.

நிலப்படத்தில் ஆறுகளை முதலில் வரையுங்கள்

சோப்போவின் நிலம் பெரும்பாலும் தாழ்ந்த, அடர்ந்த மழைக்காடு. கிசங்கானி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைத்தொடர் வரைந்து அடையாளம் காட்ட இங்கே வழியில்லை. ஊர், மொழி, சந்தை, போர் எல்லாமே ஆற்றை ஒட்டியவை. எனவே வெற்றுத் தாளில் முதல் கோடு ஆறாகவே இருக்கட்டும்.

தெற்கே மனியேமாவிலிருந்து லுவாலபா என்ற பெயரில் ஆறு வடக்கு நோக்கி நுழைகிறது. உபுண்டுவுக்கும் கிசங்கானிக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டரில் ஏழு விசையருவிகள். மொத்த இறக்கம் ஏறத்தாழ 60 மீட்டர். இவைதான் போயோமா அருவிகள். பழைய படங்களில் ஸ்டான்லி அருவிகள். தலைக்கு மேலிருந்து கொட்டும் அருவி என்று எழுதிவிடாதீர்கள். பாறைகளின் மேல் நுரைத்து ஓடும் வேகநீர்தான் அது; உயரம் குறைவு, நீரின் அளவுதான் பிரமாண்டம். இந்த இடைவெளியில் ஆறு நிலநடுக்கோட்டையும் தாண்டுகிறது. கடைசி விசையருவி கிசங்கானியின் வாசலில். அதற்குக் கீழே ஆற்றின் பெயர் காங்கோ. அங்கிருந்து மேற்கு நோக்கித் திரும்பி, கின்ஷாசா வரை சுமார் 1,700 கிலோமீட்டர் கப்பல் போகும் நீர்வழியாகிறது. கிசங்கானி என்ற நகரம் அங்கே எழுந்ததற்குக் காரணம் இதுதான். கீழிருந்து வரும் படகு அதற்கு மேல் போக முடியாது. சரக்கை இறக்கித்தான் ஆக வேண்டும். அருவிகளைச் சுற்றிக்கொண்டு போக இடக்கரையில் 125 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டு 1906-இல் திறந்தார்கள். கிசங்கானி ரயில் நிலையத்தை வலக்கரை நகரில் குறிக்கும் படங்கள் தவறு. அது லுபுங்கா பக்கம்.

இனி துணையாறுகள். வடகிழக்கிலிருந்து லிண்டி; பஃப்வாசெண்டே ஊர் அதன் கரையில் இருக்கிறது. சோப்போ ஆறு இந்த லிண்டியில்தான் சேர்கிறது. லிண்டி கிசங்கானிக்குச் சற்றுக் கீழே காங்கோவில் கலக்கிறது. சோப்போ ஆறு காங்கோவில் நேராக விழுவதாக வரைவது பரவலான பிழை. அடுத்து அருவிமி. இதன் மேல்பகுதிக்கு இத்தூரி என்று பெயர். நெப்போக்கோ ஆறு வந்து சேரும் இடத்திலிருந்து அருவிமி. பனாலியாவைத் தொட்டு ஓடி, பசோக்கோவில் காங்கோவைச் சேர்கிறது. தெற்கிலிருந்து லொமாமி, ஒபாலா வழியாக வந்து இசாங்கியில் சேர்கிறது. ஆறு கலக்கும் இடமெல்லாம் வட்டாரத் தலைமையிடமாக இருப்பது தற்செயல் அல்ல. ஆற்றுப் படகிலிருந்து இரண்டு பக்கமும் ஆளக்கூடிய இடங்கள் அவை.

புள்ளிகளை வைக்கும்போது அட்சரேகையின் குறியைப் பாருங்கள். கிசங்கானி 0°31′ வடக்கு. உபுண்டு 0°21′ தெற்கு. தெற்கு என்பதற்கான கழித்தல் குறி விழுந்துவிட்டால் உபுண்டு நிலநடுக்கோட்டைத் தாண்டிக் கிசங்கானிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் இந்தப் பிழை கண்ணில் படாது. படம் பார்ப்பதற்குச் சரியாகவே தெரியும். ரயில் பாதையின் நீளத்தோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

ஊர்ப் பெயர்களும் ஒரு சோதனைக் கருவி. காங்கோ ஆற்றின் கீழ்ப்போக்கில் “யா” என்று தொடங்கும் பெயர்கள் நெருக்கமாக வரும்: யக்குசு, யங்காம்பி, யகூமா. கிழக்கே “பஃப்வா” என்று தொடங்குபவை: பஃப்வாபோலி, பஃப்வாசெண்டே. “பஃப்வா” ஊர் ஒன்று உங்கள் படத்தில் இசாங்கிக்கு மேற்கே விழுந்திருந்தால் ஆயத்தொலைவை மீண்டும் பாருங்கள். சாலையோரச் சிற்றூர்கள் பலவற்றுக்குக் கிலோமீட்டர் எண்ணே பெயர். பிகே என்ற எழுத்துகளோடு வரும் அந்த எண் எந்தச் சாலையில் என்று சொல்லாவிட்டால் பயனில்லை.

தட்பவெப்பத்துக்கு ஒரு பத்தி போதும். ஆண்டுக்குச் சுமார் 1,700 முதல் 1,800 மில்லிமீட்டர் மழை, சராசரி வெப்பம் 25 டிகிரி. ஜனவரி–பிப்ரவரியிலும் ஜூன்–ஜூலையிலும் மழை குறையும், நிற்காது. “கோடைக்காலம், மழைக்காலம்” என்ற நம் ஊர்ப் பகுப்பை இங்கே கொண்டுவர வேண்டாம்.

காட்டைப் பற்றி எழுத வேண்டுமானால் யங்காம்பியைத் தேடுங்கள். கிசங்கானிக்கு மேற்கே, ஆற்றின் வலக்கரையில், 1933-இல் பெல்ஜிய ஆட்சி தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி அமைப்பின் தலைமையிடம் அது. இன்று இனேரா என்ற தேசிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பெரிய உலர்தாவரச் சேகரமும் அங்கே உண்டு. அதைச் சுற்றி யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். ஒக்காப்பி என்ற காட்டு விலங்கின் பெயரிலுள்ள காப்பகத்தின் பெரும்பகுதியும் எப்புலு நிலையமும் இத்தூரி மாகாணத்தில். அதன் படங்களைச் சோப்போ பக்கத்தில் ஒட்டுவதைத் தவிருங்கள்.

மக்களை எழுதும்போது

எழுதுவதற்குக் கடினமான பகுதி இதுதான்; அவசரமாக எழுதினால் பிறருக்குத் தீங்கும் வரும். “சோப்போ மக்கள்” என்று ஓர் இனம் கிடையாது. வட்டாரவாரியாகவே எழுதுங்கள். இசாங்கியில் தொப்போக்கே, லொக்கேலே, துரும்பு. ஒபாலாவில் ம்போலே. உபுண்டுவில் லெங்கோலா, மித்துக்கு, குமு. பஃப்வாசெண்டேயில் பாலி, குமு, லொம்பி. பனாலியாவில் போவா, ங்கெலிமா, மங்கா. பசோக்கோவில் சோக்கோ. யகூமாவில் மொங்கோ பெருங்குடும்பத்தைச் சேர்ந்த கிளைகள். கிழக்குக் காடுகளில் ம்புட்டி வேட்டைச் சமூகத்தினர். கிசங்கானி அருவியில் ஏன்யா. வெளியுலகம் வகேனியா என்று அறிந்திருப்பது இவர்களைத்தான். பாறை இடுக்குகளில் மரக்கம்புகளை முக்காலிபோல நட்டு, அவற்றில் பெரிய கூம்புக் கூடைகளைக் கட்டி, வேகநீரில் அடித்து வரும் மீனைப் பிடிப்பது இவர்கள் தொழில்.

இந்தப் பட்டியலைக் கையாள மூன்று எச்சரிக்கைகள். ஒன்று: பாண்டு மொழிகளில் பன்மைக்கு “ப” முன்னொட்டு வரும். பாலி, பபாலி; குமு, பகுமு; மங்கா, பமங்கா. ஒரே மக்கள் இரண்டு பெயரில் இரண்டு வரியில் நிற்பது சாதாரணம். குமுவைக் கோமோ என்றும் எழுதுவார்கள். முன்னொட்டு இல்லாத வடிவத்தைத் தேர்ந்து கட்டுரை முழுக்க அதையே வையுங்கள். மற்ற வடிவங்களை ஒருமுறை குறித்தால் போதும். “பசோக்கோ” மட்டும் ஊர்ப் பெயராக உறைந்துவிட்டது, அதை மாற்றாதீர்கள்.

இரண்டு: எல்லோரும் பாண்டு மொழியினர் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட வேண்டாம். லொம்பி மொழி மத்திய சூடானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடகிழக்குக்குப் போகப் போக இந்தக் கலப்பு கூடும்.

மூன்று: ஒரு வட்டாரத்துக்கு ஒரே நிறம் பூசி “இனப் படம்” வரையாதீர்கள். லொக்கேலே மக்கள் ஆற்றோர மீனவர், வணிகர். அவர்கள் வாழும் இடத்தை வரைந்தால் கரையோரமாக நீளும் ஒரு மெல்லிய கோடுதான் வரும், அது வட்டார எல்லையை மதிக்காது. காட்டுக்குள் இருக்கும் தொப்போக்கே உழவரோடு மீனுக்கு மரவள்ளி மாற்றிக்கொள்ளும் சந்தைகள்தான் இந்த இரண்டு வாழ்க்கையையும் இணைக்கின்றன. மரத்தைக் குடைந்து, ஏற்ற இறக்கத் தொனி இரண்டையும் முழக்கிச் செய்தி அனுப்பிய லொக்கேலே பறை பிறந்ததும் இந்த ஆற்றுச் சூழலில்தான். அவர்கள் மொழி தொனிமொழி என்பதால் அது முடிந்தது.

நிறம் பூசும் படம் வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. 2023 பிப்ரவரி முதல் லுபுங்கா பகுதியில் ம்போலே, லெங்கோலா சமூகங்களுக்கிடையே நிலத்தை முன்னிட்டு மோதல் வெடித்துப் பலர் இறந்தார்கள், பலர் வீடிழந்தார்கள். இந்த நிலம் யாருடைய மூதாதையருடையது என்ற கேள்விதான் சண்டையின் நடுவில் இருக்கிறது. “லுபுங்காவின் பூர்வகுடிகள் இன்னார்” என்று நாம் தூரத்திலிருந்து ஒரு வரி எழுதினால் ஒரு தரப்பின் வாதத்தை உண்மையாக அச்சடித்ததாகும். “இன்னின்ன சமூகங்கள் வாழ்கின்றன” என்பதோடு நிறுத்துங்கள்.

மொழிக்கு ஒரு விதி நினைவில் நிற்கும்: ஆற்றின் கீழ்ப்போக்கில் லிங்காலா, மேல்போக்கிலும் கிழக்கிலும் சுவாகிலி. சான்சிபார் வணிகர்களும் அவர்களோடு வந்தவர்களும் 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து அருவிகள் வரை சுவாகிலியைக் கொண்டுவந்தார்கள். குடியேற்ற காலப் படையும் ஆற்றுப் படகுகளும் மேற்கிலிருந்து லிங்காலாவைக் கொண்டுவந்தன. இரண்டும் சந்திக்கும் இடம் கிசங்கானி. நகரவாசிகள் பலருக்கு இரண்டும் வரும். அலுவல் மொழி பிரெஞ்சு. வீட்டு மொழி இவை எதுவும் இல்லாமல் தொப்போக்கேயோ ம்போலேயோ ஆக இருக்கலாம். மூன்று அடுக்கையும் பிரித்து எழுதுங்கள்.

மக்கள்தொகை எண்

நாட்டில் கடைசியாக முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984-இல். அதற்குப் பிறகு நீங்கள் பார்க்கும் எந்த எண்ணும் மதிப்பீடு. கடைசி இலக்கம் வரை துல்லியமாக அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். வளர்ச்சி வீதத்தால் பெருக்கியதால் வந்த இலக்கங்கள் அவை. எழுதும்போது லட்சத்துக்கு முழுமையாக்குங்கள், “மதிப்பீடு” என்று சொல்லுங்கள், ஆண்டைப் போடுங்கள். வேறு வேறு ஆண்டுகளின் மதிப்பீடுகளை அருகருகே வைத்து “வளர்ச்சி” என்று காட்டாதீர்கள்.

துணைக்கு இரண்டு மூலங்கள் உண்டு. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பதிவு வட்டாரவாரியாகக் கிடைக்கும். ஆனால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதில் இல்லை, நாட்டின் மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அவர்கள்தான். சுகாதாரத் துறை தடுப்பூசிக்கும் கொசுவலைக்கும் பயன்படுத்தும் எண்கள் இன்னொன்று. இவை சுகாதார மண்டல வாரியாக இருக்கும். நாட்டில் 145 வட்டாரங்கள், 519 சுகாதார மண்டலங்கள். ஒரு வட்டாரத்துக்குள் பல மண்டலங்கள் வரும். பெயரும் ஒன்றாக இருக்கலாம். “ஒபாலா மண்டலம்” என்பது ஒபாலா வட்டாரம் முழுவதும் அல்ல. மண்டலப் படத்தின் மேல் வட்டாரப் படத்தை வைத்துப் பார்த்த பிறகே கூட்டுங்கள். மனிதாபிமான நிறுவனங்களின் கோப்புகளில் சோப்போவுக்குச் சிடி51 என்ற இடக்குறியீடு இருக்கும். பெயர் எழுத்துக்கூட்டல் மாறினாலும் அது மாறாது என்பதால், அட்டவணைகளை இணைக்கப் பெயரை விடக் குறியீட்டை நம்பலாம்.

பிழைப்பும் பாதையும்

மரவள்ளி, வாழை, நெல், எண்ணெய்ப்பனை, கொக்கோ, காப்பி. நெல் விளைகிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆப்பிரிக்க மழைக்காடு என்றதும் அதை விட்டுவிடுகிறார்கள். வைரமும் பொன்னும் கைத்தோண்டலாக எடுக்கிறார்கள். 2000 ஜூன் 5 முதல் 10 வரை ருவாண்டா, உகாண்டா படைகள் இரண்டும் கிசங்கானி நகருக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதிய ஆறுநாள் போரை, “உள்நாட்டுக் கலவரம்” என்று எழுதக்கூடாது. இரண்டும் அயல்நாட்டுப் படைகள். உகாண்டா இழப்பீடாக 32.5 கோடி டாலர் தர வேண்டும் என்று பன்னாட்டு நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தொகை நாட்டுக்கு நேர்ந்த இழப்புகள் அனைத்துக்குமானது, கிசங்கானிக்கு மட்டும் உரியதல்ல.

தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் தந்தால் வாசகருக்கு உதவாது. தேசியச் சாலை 4 வழியே கிசங்கானியிலிருந்து வடக்கே பனாலியா சுமார் 130 கிலோமீட்டர், கிழக்கே பஃப்வாசெண்டே சுமார் 260. மழையில் மண்சாலை சேறானால் இந்த எண்ணை வைத்து நேரத்தைக் கணிக்க முடியாது. இசாங்கி, பசோக்கோ பக்கம் படகுதான் இயல்பான வழி. நகருக்குள் தொலேக்கா எனப்படும் சைக்கிள் டாக்சி; லுபுங்காவுக்குப் படகுத்துறை. விமான நிலையம் நகருக்குக் கிழக்கே பங்கோக்கா. மேற்கே உள்ள சிமிசிமி பழையது. நேரம் கின்ஷாசாவை விட ஒரு மணி முன்னே. நாட்டில் இரண்டு நேர வலயங்கள் உண்டு, சோப்போ கிழக்கு வலயத்தில்.

இதே முறை ஆற்றுக்கு அக்கரையிலும்

அண்டை நாடான காங்கோ குடியரசில், அதாவது பிரசாவில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோவில், 2024 அக்டோபரில் மூன்று புதிய திப்பார்த்மான்கள், அதாவது அந்நாட்டில் மாகாணத்தின் இடத்தில் இருக்கும் அலகுகள், உருவாயின. 12 இருந்தது 15 ஆனது. காங்கோ–உபாங்கி, தலைமையிடம் மொசாக்கா. ஜுவே–லெஃபினி, தலைமையிடம் ஒட்சிபா. ங்கேனி–அலிமா, தலைமையிடம் கம்போமா. அங்கே வட்டாரத்தின் இடத்தில் இருப்பது டிஸ்ட்ரிக். எனவே முதலில் எந்தெந்த டிஸ்ட்ரிக் எந்தப் பழைய திப்பார்த்மானிலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டு, கணக்கெடுப்பு எண்களை அதன்படி நகர்த்துங்கள். இதில் காங்கோ–உபாங்கிக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒரே பழைய அலகிலிருந்து வெட்டியது அல்ல அது; குவெத், லிக்குவாலா இரண்டிலிருந்தும் பகுதிகள் சேர்ந்தது. ஆகவே பரப்பளவுக் கூட்டலை இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போட்டு, பழைய அலகுகளில் மிச்சமிருப்பதையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும்.